மூளையில் மூளும் அழல்

விழா மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் கட்டுரை வரைகின்றார் என்றால், அது சங்கப் பாடல்களைப் பற்றியதாகவோ சமயகுரவரைப் பற்றியதாகவோ அமையும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. நாம் இம்முறை எடுத்துக்கொண்ட பொருளோ மூளையிலுள்ள கொழுப்பு. இதனைக் கேட்டவுடன் புன்முறுவல் செய்யும் பழைய மாணவர் சிலர் உளர் என்பதை அறிவோம். 'கொழுப்பு' என்னுஞ் சொல்லுக்கு வகுப்பறை வழக்கிலே வேறொரு பொருளும் உண்டன்றோ! ஈண்டு நாம் கூற விழைவது மெய்யான கொழுப்பைப் பற்றியே.

கல்லூரி விழா என்பது நினைவின் விழா. பழைய மாணவர் ஒன்றுகூடுமிடத்து முதலில் நிகழ்வது பெயர் சொல்லி அழைத்தலும், 'எந்த ஆண்டு, எந்த வகுப்பு' என்று கேட்டலுமே. அந்நினைவையே வேரோடு பறிக்கும் நோயொன்று முதியோரைப் பற்றி வருகின்றது. நமக்குத் தெரிந்த முதிய ஆசிரியர் ஒருவர், மாணவன் முகத்தைக் கண்டமாத்திரத்தே அவன் ஊரையும் தகப்பன் பெயரையும் சொல்ல வல்லவராயிருந்தவர், தம் இறுதி ஆண்டுகளிலே பெற்ற மகனையே நோக்கி, 'தம்பி, நீர் ஆர்?' என்று வினவியதை நாம் நேரிற் கண்டோம். சூழ நின்றோர் 'வயது போனால் அப்படித்தான்' என்று சொல்லி அமைந்தனர். வயது மட்டுமே காரணம் என்றால், தொண்ணூறு கடந்தும் தெளிந்த நினைவோடு வாழ்வாரை எவ்வாறு விளக்குவது? இவ்வினாவுக்கு விடை தேடுவோரின் பார்வை, அண்மைக் காலத்தில், எவரும் எதிர்பாராத ஓரிடத்தில் வந்து தங்கியிருக்கின்றது. மூளையைக் காக்கும் கலங்கள் கொழுப்பை எவ்வாறு கையாளுகின்றன என்பதே அவ்விடம்.

அழற்சி என்னுஞ் சொல்லை முதலில் நோக்குவோம். அழல் என்பது தீ. அதனடியாகப் பிறந்தது அழற்சி. மேனாட்டார் வழங்கும் சொல்லும் இலத்தீன் மொழியிலே தீச்சுடரைக் குறிக்கும் சொல்லின் அடியாகவே வந்தது. தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே உவமையைக் கண்டமைக்குக் காரணத்தை, காலில் முள் தைத்து இரண்டு நாட் சென்றபின் அவ்விடத்தைத் தொட்டுப் பார்த்தோர் அறிவர். சிவத்தல், வீங்குதல், வெப்பமுறுதல், நோதல் என்னும் நான்கையும் அழற்சியின் குறிகளாக உரோமாபுரியைச் சேர்ந்த செல்சசு என்பார் கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். இத்தீ பகையன்று, காவல். உட்புகுந்த கிருமியை அழித்து, சிதைந்த இழையத்தை அகற்றி, புண்ணை ஆற்றுதற்கு மூட்டப்படுவது. ஆயினும் அடுப்பில் எரியும் தீயும் கூரையில் ஏறிய தீயும் ஒன்றல்ல. மூளையிலே இத்தீ மூளும்போது புறத்தே சிவப்பும் தெரியாது, வீக்கமும் தெரியாது. மூளையின் இழையத்தில் நோவை உணரும் நரம்பு முனைகள் இல்லையாதலால், உமிக்குவியலுட் கனலும் நெருப்புப்போல அது பல்லாண்டு கனன்றாலும் உடையவர் அறியார்.

மூளை என்றவுடன் நரம்புக்கலங்களையே நாம் நினைக்கின்றோம். அவற்றினிடையே வேறு பல கலங்களும் உள. 1856 ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் விர்ச்சோ அவற்றையெல்லாம் திரட்டிப் 'பசை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் 'கிளியா' எனப் பெயரிட்டார். நரம்புக்கலங்களை ஒட்டிவைக்கும் பசையே அவை என்பது அக்காலத்தார் துணிபு. அப்பசைக்குள் ஓர் இனம் காவல் புரிகின்றது என்பதை 1919 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியவர் ஸ்பானிய நாட்டினரான பீயோ தெல் ரீயோ ஓர்த்தேகா. வெள்ளியுப்பினாற் சாயமூட்டும் புதிய முறையொன்றைக் கையாண்டு, சிறிய உடலும் மெல்லிய கிளைகளும் கொண்ட கலங்களை அவர் தனியே பிரித்துக் காட்டினார். மூளை காயமுற்றவிடத்து அக்கலங்கள் தம் கிளைகளை உள்வாங்கி, உருண்டு திரண்டு, சிதைவுகளை விழுங்குவதையும் அவரே விளக்கினார். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் மைக்குரோகிளியா. சிறு பசைக்கலம் என்பது பொருள். இக்கட்டுரையில் அவற்றைக் காவற்கலங்கள் என்றே வழங்குவோம். பசை என்னும் பெயர் பொருந்தாதென்பது தெளிவானபின் அதனையே சுமந்து திரிவானேன்? ஓர்த்தேகாவின் பிற்கால வாழ்வு துயரமானது. உள்நாட்டுப் போரினால் தாய்நாட்டை விட்டகன்று, பாரிசு, ஒக்ஸ்போட் எனப் பல இடங்களிலும் தங்கி, 1945 இல் ஆர்ஜென்டீனாவின் புவனோசயர்சு நகரில் உயிர் துறந்தார்.

காவற்கலங்களின் பிறப்பும் வியப்புக்குரியது. குருதியிலுள்ள வெண்குழியங்கள் என்பு மச்சையில் நாள்தோறும் புதிதாக உண்டாகின்றன. காவற்கலங்களோ, கருவளரும் தொடக்க நாட்களில் முளையத்தை ஒட்டியுள்ள ஊண்பையிலிருந்து புறப்பட்டு, மூளையை அடைந்து, அங்கேயே குடியமர்கின்றன. எலிகளில் இதனை உறுதிசெய்த ஆய்வு 2010 இல் வெளிவந்தது. அதன்பின் அவை தமக்குள்ளேயே பிரிந்து பெருகுகின்றனவேயன்றி வெளியிலிருந்து ஆள் சேர்ப்பதில்லை. இடத்துக்கிடம் மாறுபடினும், மூளைக்கலங்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 வரை இவ்வினத்தவை என்பர். அவை ஓய்ந்திருப்பதுமில்லை. உயிரோடுள்ள எலியின் மூளையை 2005 ஆம் ஆண்டில் சிறப்பான நுணுக்குக்காட்டியினூடாக நோக்கியபோது, அமைதியாக உறங்குவனவென்று கருதப்பட்ட இக்கலங்கள் கணந்தோறும் தம் கிளைகளை நீட்டியும் சுருக்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்தவண்ணம் இருந்தன. இறந்த கலங்கள், பழுதான உறைகள், வேண்டாத நரம்பிணைப்புக்கள் முதலியவற்றை விழுங்கி அகற்றுவது அவற்றின் அன்றாடத் தொழில்.

அவை விழுங்கும் பொருளிற் பெரும்பகுதி யாது? கொழுப்பு! உடலின் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்கே. உடலிலுள்ள கொலஸ்திரோலில் ஏறத்தாழ நாலிலொரு பங்கோ அங்கே இருக்கின்றது. நரம்பு நார்களைச் சுற்றி, மின்கம்பிக்கு இறப்பர் உறை போல, மயலின் என்னும் உறை அமைந்திருக்கின்றது. நீரை நீக்கி நிறுத்தால் அவ்வுறையில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் கொழுப்புப் பொருள்களே. உறை பழுதுறும்போது அக்கொழுப்பு முழுவதும் காவற்கலங்களின் வாயில் வந்து விழுகின்றது.

இனி அவை அதனை என்ன செய்கின்றன என்பதே எம் கட்டுரையின் உயிர்நிலை. ஆதலின் இளம் மாணவர் இவ்விடத்தைச் சற்று நின்று வாசிக்குமாறு வேண்டுகின்றோம். கொழுப்பு ஒரு கலத்துக்கு மூவகையிற் பயன்படுகின்றது: எரிபொருளாக, கட்டடப் பொருளாக, செய்தி சொல்லும் பொருளாக. அமைதியான காலத்தில் காவற்கலம் குளுக்கோசையும் கொழுப்பமிலங்களையும் தன் இழைமணிகளில் ஒட்சிசனோடு முற்றாக எரித்துச் சத்தியைப் பெறுகின்றது. ஆபத்து வந்துற்றால் அதன் அனுசேபம் மாறுகின்றது. குளுக்கோசை ஒட்சிசனின்றி விரைவாகப் பிளக்கும் வழிக்கு அது தாவுகின்றது. சத்தி குறைவாயினும் விரைவு மிகுதி. போர்க்காலத்துக்கு அது ஏற்றது. அவ்வேளையில் கொழுப்பமிலங்கள் எரிவது குறைகின்றது. எரியாத கொழுப்பமிலம் கலத்துக்கு நஞ்சாதலால், அது எண்ணெய்த் துளிகளாகத் திரட்டப்பட்டுக் கலத்தினுள்ளேயே வைக்கப்படுகின்றது. போர் முடிந்ததும் துளிகள் கரைந்து எரியுமாயின் தீங்கில்லை.

கொலஸ்திரோலின் நிலை இன்னுங் கடினமானது. கொழுப்பமிலத்தை எரிக்கலாம். கொலஸ்திரோலின் வளைய அமைப்பை உடைக்கும் ஆற்றல் மனிதக் கலம் எதற்கும் இல்லை. விழுங்கிய கொலஸ்திரோலைக் கலம் வெளியேற்றியே ஆகவேண்டும். அதற்குக் கலவுறையிலே படலைபோன்ற புரதங்கள் உள. வெளியே அதனை ஏற்றிச்செல்லும் வண்டியாக அப்பொலிப்போபுரதம் ஈ என்னும் புரதம் நிற்கின்றது. நம் வளவிலே விழும் சருகை நாள்தோறும் கூட்டி அள்ளுகின்றோம். வண்டி வாராது படலையும் அடைபட்டால், எத்துணை ஊக்கமாகக் கூட்டினாலும் குப்பை முற்றத்திலேதான் குவியும். ஒரு நாள் பொறி விழுந்தால் எரிவதும் அதுவே.

இவ்வாறு குப்பை குவிந்து தீப்பற்றுவதை மூனிச் நகரத்து ஆய்வாளர் 2018 ஆம் ஆண்டில் எலிகளிற் காட்டினர். இளைய எலியின் மயலினைச் சிறிது சிதைத்தபோது, விழுங்கும் கலங்கள் சிதைவை அகற்றின; புதிய உறையும் உண்டாயிற்று. முதிய எலிகளிலோ, கொலஸ்திரோல் வெளியேற வழியின்றித் தேங்கி, ஊசிபோன்ற பளிங்குகளாக உறைந்தது. அப்பளிங்குகள் கலத்தின் சமிபாட்டுப் பைகளாகிய இலைசோசோம்களைக் கிழித்தன. கிழிந்தவுடன் அழற்சியை மூட்டும் புரதத் தொகுதி விழிப்புற்றது. உறை புதுப்பிக்கப்படுவதும் தடைப்பட்டது. கொலஸ்திரோலை வெளியேற்றும் வழியைத் தூண்டும் மருந்தொன்றைக் கொடுத்தபோது நிலைமை சீரடைந்தது. இங்கே அழற்சியை மூட்டியது கிருமியன்று, பகையன்று. துப்புரவு செய்யப் போனவரின் கையிலே தேங்கிய குப்பை.

இரண்டாண்டு கழித்து, 2020 இல், அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். இருபது மாத வயதுடைய எலி முதுமையெய்தியது. அத்தகைய எலிகளில், நினைவுக்கு இன்றியமையாத மூளைப்பகுதியிலுள்ள காவற்கலங்களில் ஏறத்தாழப் பாதி கொழுப்புத்துளி நிறைந்து காணப்பட்டன. அத்தகைய கலங்களை முதிய மனித மூளைகளிலும் கண்டனர். துளி நிறைந்த கலங்கள் விழுங்குந் தொழிலிற் பின்தங்கின. அழற்சியைத் தூண்டும் பொருள்களையும், நஞ்சு நிகர்த்த ஒட்சிசன் கூறுகளையும் மிகுதியாகச் சுரந்தன. கூட்டவேண்டியவர் கூட்டாதிருப்பது மட்டுமன்றி, அயலுக்குக் கொள்ளியும் வைத்தால் என்னாகும்?

இவ்விடத்தில் ஒரு பழைய வரலாற்றைச் சொல்லாமற் கடக்க மனம் வரவில்லை. 1901 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பிராங்போட் நகரத்து மனநோய் மருத்துவமனையில் அவுகுஸ்தே டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். நினைவு பிறழ்ந்து, சொற்களும் இடங்களும் மயங்கிய நிலையிலிருந்த அவரைப் பரிசோதித்தவர் அலோய்சு அல்சைமர். 1906 இல் அப்பெண்மணி இறந்தபின் அவர்தம் மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பர் 3 ஆந் திகதி தூபிங்கன் நகரில் நிகழ்ந்த மருத்துவர் கூட்டத்தில் தாம் கண்டவற்றை எடுத்துரைத்தார். பேச்சு முடிந்ததும் எவரும் வினா எழுப்பவில்லை என்பர். நரம்புக்கலங்களினுள்ளே முறுக்குண்ட நார்கள், கலங்களுக்கு வெளியே திட்டுத்திட்டான படிவுகள் என்னும் இரண்டையும் அவர் குறித்தார். அவ்விரண்டையும் உலகம் பற்றிக்கொண்டது. மறுவருடம் அச்சான அறிக்கையில் மூன்றாவது செய்தியொன்றும் உண்டு. கிளியாக் கலங்கள் பலவற்றினுள்ளே கொழுப்புப் பைகள் காணப்பட்டன என்பதே அது. அம்மூன்றாவது செய்தி ஏறத்தாழ நூறாண்டு மூலையிற் கிடந்தது. இழையத்தை வெட்டிப் பார்க்கப் பதப்படுத்தும் வழக்கமான முறையிலே சேரும் அற்ககோல் கொழுப்பைக் கரைத்துவிடுகின்றது. பார்க்கவேண்டிய பொருள் பார்க்கு முன்னரே மறைந்துவிடுவது இப்புறக்கணிப்புக்கு ஒரு காரணமாகலாம். நூலாராய்ச்சியிலும் இதுபோல்வன நிகழ்வதுண்டு. உரையாசிரியர் ஒருவர் போகிறபோக்கிற் குறித்த செய்தி, தலைமுறைகள் கடந்து வேறொருவர் கையில் திறவுகோலாகின்றது.

கொழுப்பின் பக்கம் அறிஞரைத் திரும்பவைத்தது பரம்பரையலகுச் சான்று. மேலே வண்டி என்று கூறிய அப்பொலிப்போபுரதம் ஈ மாந்தரிடையே மூன்று வகையாகக் காணப்படுகின்றது. அவற்றுள் நான்காம் எண் இட்ட வகையைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து பெற்றவருக்கு அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்கென்றும், இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு எட்டு மடங்குக்கு மேலென்றும் கணக்கிட்டுள்ளனர். 1993 ஆம் ஆண்டிலே இத்தொடர்பு வெளிப்பட்டது. இவ்வகைப் புரதம் கொழுப்பை ஏற்றிச் செல்வதிற் குறைபாடுடையது. 2012 ஆம் ஆண்டின் இறுதியில் வேறோர் அலகு அகப்பட்டது. அதன் பெயர் டிரெம் 2. காவற்கலத்தின் புறத்தே நின்று கொழுப்புப் பொருள்களை உணரும் புரதத்தை ஆக்குவது இவ்வலகு. இதில் ஓர் அரிய விகாரம் நோய் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகின்றது. இவ்வலகை நீக்கிய எலிகளின் காவற்கலங்கள், மயலினை விழுங்கியபின் கொலஸ்திரோலைக் கையாளமாட்டாது திணறுகின்றன. முதுமையில் வரும் இந்நோயின் மிக வலிய அலகும், அதனையடுத்து நெடுங்காலந் தேடி அடைந்த அலகும் கொழுப்பைக் கையாளுந் தொழிலையே சுட்டுவதை வெறும் தற்செயல் என்று கொள்ள எம்மால் இயலவில்லை.

2024 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தாரின் மற்றோர் ஆய்வு இச்சான்றுகளை ஒன்றாகக் கோத்தது. நான்காம் வகையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற நோயாளரின் மூளைகளிலே, கொழுப்பமிலத்தைத் துளியாகக் கட்டுதற்குத் துணைநிற்கும் நொதியம் மிக்க காவற்கலங்கள் மிகுதியாக இருந்தன. மனிதக் கலங்களிலிருந்து ஆய்வுகூடத்தில் வளர்த்த காவற்கலங்களுக்கு, அல்சைமர் கண்ட படிவுகளின் மூலப்பொருளாகிய அமிலோயிட் புரதத்தை ஊட்டியபோது அவற்றினுள் கொழுப்புத்துளிகள் பெருகின. அத்தகைய கலங்கள் ஊறிய நீரை நரம்புக்கலங்கள்மீது இட்டபோது, அந்நரம்புக்கலங்களில் அல்சைமர் கண்ட நார்முறுக்குக்கு முன்னோடியான மாற்றம் தோன்றியது; கலங்களும் நலிந்தன. படிவு, கொழுப்பு, முறுக்கு என்னும் மூன்றும் ஒரு கோவையாகும் சாத்தியம் இவ்வாறு தெரிய வந்தது.

இவ்வளவும் கேட்டவர் உடனே எழுப்பும் வினா, 'அப்படியானால் எதைச் சாப்பிடலாம், எதை விடலாம்?' என்பதே. இங்கே நாம் சற்றுக் கண்டிப்பாகப் பேசவேண்டியிருக்கின்றது. குருதிக்கும் மூளைக்குமிடையே ஒரு தடை உண்டு. உணவிலிருந்து குருதியிற் கலக்கும் கொலஸ்திரோல் அத்தடையைக் கடப்பதில்லை; மூளை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. ஆகவே மூளைக் காவற்கலத்தினுள்ளே தேங்கும் கொலஸ்திரோல் நேற்றுண்ட முட்டையிலிருந்து வந்ததென்று எண்ணுவது பிழை. மறுபுறம், உணவுக்கும் மூளைக்கும் தொடர்பேயில்லை என்பதும் பிழை. கொழுப்பு மிகுந்த உணவை எலிகளுக்கு ஊட்டியபோது, பசியை ஆளும் பரிவகக்கீழ் என்னும் மூளைப்பகுதியில் மூன்றே நாளில் அழற்சிக் குறிகள் தோன்றியதை 2012 ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. நடுவயதில் மிகுந்திருக்கும் தீய கொலஸ்திரோலையும், இலான்செற்று மருத்துவ இதழ் அமைத்த குழு 2024 இல் மறதிநோய்க்குரிய தவிர்க்கத்தக்க காரணங்கள் 14 இல் ஒன்றாகச் சேர்த்தது. அந்தப் பதினான்கையும் முற்றாக அகற்ற இயலுமாயின் உலகிலுள்ள மறதிநோயில் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அக்குழுவின் கணிப்பு. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல், செவிப்புலன் குறைதல், உடலுழைப்பின்மை முதலியனவும் அப்பட்டியலில் உள.

தேங்காயெண்ணெயைக் கரண்டி கரண்டியாகப் பருகினால் இழந்த நினைவு மீளும் என்னும் செய்தி நம்மிடையே வெகுவாக உலாவுகின்றது. தேங்காயெண்ணெய் நம் அடுக்களைக்கு உரியது. அதன்மேல் எமக்கு யாதொரு வெறுப்பும் இல்லை. அது இந்நோயை மாற்றும் என்று நிறுவத்தக்க சான்று இல்லை என்பதே உண்மை. மீனெண்ணெயின் நிலையும் ஏறக்குறைய இதுவே. மீனிலுள்ள ஒமேகா 3 கொழுப்பமிலங்களிலிருந்து அழற்சியை அவிக்கும் பொருள்களை உடல் ஆக்கிக்கொள்வது மெய். அதனை நம்பி 402 நோயாளரை 18 மாதம் ஆராய்ந்த அமெரிக்கப் பரிசோதனையின் முடிவு 2010 இல் வெளிவந்தபோது, அக்கொழுப்பமிலம் நோயின் போக்கைத் தணிக்கவில்லை எனத் தெரிந்தது. ஒரு பொருள் கலத்தினுள்ளே நற்றொழில் புரிவதும், அதனை வாயால் விழுங்கினால் நோய் தீர்வதும் வேறு வேறு. நோயாளி வீட்டாரின் துயரை முதலாக வைத்துப் போத்தல் விற்பார் இவ்வேறுபாட்டைச் சொல்லமாட்டார். நான்காம் வகை அலகு உடையோரும் அஞ்சி ஒடுங்க வேண்டியதில்லை. அதனை உடையோர் பலர் இறுதிவரை தெளிவோடு வாழ்கின்றனர். அது வாய்ப்பைக் கூட்டுவதேயன்றித் தீர்ப்பு எழுதுவதன்று.

மருத்துவத்தின் நிலை என்ன? அமிலோயிட் படிவுகளை அகற்றும் இலெக்கனமாப் என்னும் மருந்து 2023 இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. தொடக்கநிலை நோயாளரில் அது 18 மாதத்தில் நோயின் வீழ்ச்சியை நூற்றுக்கு 27 அளவு தணித்ததாகக் கண்டனர். நான்காம் வகையை இருமடியாக உடையோருக்கு அம்மருந்தினால் மூளைவீக்கமும் குருதிக்கசிவும் மிகுதியாக நேர்கின்றன. காவற்கலத்தின் டிரெம் 2 புரதத்தைத் தூண்டி அதன் ஊக்கத்தை மீட்கலாம் என்னும் கருத்தோடு செய்த மருந்தொன்று, 2024 நவம்பரில் வெளியான பரிசோதனை முடிவின்படி, நோயைத் தணிக்கத் தவறியது. மேற்சொன்ன உவமையிற் கூறின், படலை அடைபட்டிருக்கக் கூட்டுபவரை மட்டும் விரைவுபடுத்தியதாலோ இது என்று எமக்குத் தோன்றுகின்றது. ஆயினும் இது எம் ஊகமே.

ஆய்வாளர் இப்போது துளி கட்டும் நொதியங்களையே நேராக நோக்குகின்றனர். 2025 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தார், அமிலோயிட் படிவுகளை அடுத்துள்ள காவற்கலங்களிலேயே கொழுப்புத்துளி மிகுந்திருப்பதையும், கொழுப்பமிலங்களைத் துளிக்கொழுப்பாக இறுதியிற் கட்டிமுடிக்கும் நொதியம் அங்கே பெருகியிருப்பதையும் கண்டனர். அந்நொதியத்தைச் சிதைக்கும் பொருளை முதிய நோயெலிகளுக்குக் கொடுத்தபோது துளிகள் குறைந்தன, காவற்கலங்கள் மீண்டும் விழுங்கத் தொடங்கின, படிவும் குறைந்தது. எலியில் வென்று மனிதரில் தோற்ற மருந்துகள் இந்நோயின் வரலாற்றில் மலிந்து கிடக்கின்றன. அப்பொருளை மனிதருக்குக் கொடுப்பதன்முன் அதன் தீங்கின்மையை நிறுவுவதே அடுத்த படி.